ஸ்காட்டீஸ் சாதனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கனடாவின் தேசிய மகளிர் கர்லிங் (பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிட்டு வட்டத்தின் நடுவுக்கு அருகே நிறுத்தும் ஆட்டம்) சாம்பியன்ஷிப்பான ‘ஸ்காட்டீஸ் டோர்னமென்ட் ஆஃப் ஹார்ட்ஸ்’ ‘ஸ்காட் டோர்னமென்ட் ஆஃப் ஹார்ட்ஸ்’ என்ற பெயரில் 1982-இல்தான் தொடங்கியது. தேசியப் போட்டியோ 1961 முதலே உண்டு. சிலர் 1982-க்கு முந்தையதை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள். கணக்கு இடிப்பது அங்கேதான்.

கேப்டனாக அதிகக் கோப்பைகள் வென்றவர்கள் இருவர், ஆளுக்கு 6. கொலீன் ஜோன்ஸ்: 1982, 1999, பிறகு 2001 முதல் 2004 வரை வரிசையாக நான்கு. ஜெனிஃபர் ஜோன்ஸ்: 2005, 2008, 2009, 2010, 2015, 2018. குடும்பப் பெயர்தான் ஒன்று, உறவில்லை.

தொடர்ந்து நான்கு என்பதை கெர்ரி ஐனர்சன் 2020–2023-இல் சமன் செய்தார். (2020-இல் வென்றும் கொரோனாவால் உலகப் போட்டியே ரத்து!) ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இப்போதெல்லாம் நடப்புச் சாம்பியன் ‘டீம் கனடா’வாக நேரே உள்ளே வந்துவிடலாம், மாகாணத் தகுதிப் போட்டி ஆட வேண்டாம். 1971–73-இல் மூன்று முறை வென்ற சஸ்காச்சுவான் மாகாணத்தின் வேரா பெசருக்கு அந்தச் சலுகை கிடையாது. என் கணக்கில் அவருடைய மூன்று, நான்குக்குக் குறைந்ததல்ல.

எண்ணில் அடங்காததும் உண்டு: 2005 இறுதி ஆட்டம், பத்தாவது எண்ட் (கடைசிச் சுற்று), 4–6 என்று பின்தங்கல், கையில் கடைசிக் கல். ஜெனிஃபர் ஜோன்ஸ் வீசிய கல், வட்டத்துக்கு வெளியே நின்ற எதிரணியான ஒன்டாரியோவின் கல்லில் மோதித் திரும்பி, நடுவில் இருந்த அவர்களின் இன்னொரு கல்லைத் தள்ளியது. நான்கு புள்ளி. 8–6.