முக்கால் நூல் குண்டுகள்: ஒரு பழைய ஆர்சி10 வண்டியின் டிஃபரன்ஷியல் நாட்குறிப்பு

2024 மார்ச் 3, ஞாயிறு

கராஜ் மேசைமேல் இருப்பது டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10. ரோஜர் கர்டிஸ் வடிவமைத்த இந்த ரிமோட் பந்தய வண்டி 1984இல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. மறு ஆண்டே டெல் மாரில் நடந்த உலகப் போட்டியில், பின்சக்கர இழுவைப் பிரிவில் ஜே ஹால்சி இதை ஓட்டி வென்றார். என் வண்டிக்கு அந்தப் பெருமை கிடையாது. பொன்னிற அலுமினியச் சட்டம் அதேதான் என்றாலும், பின்னால் ஆறு பல்சக்கரப் பெட்டிக்குப் பதிலாகப் பிற்காலத்தில் வந்த, மூன்றே பல்சக்கரங்கள் கொண்ட ஸ்டெல்த் பெட்டி இருக்கிறது. போன மாதம் பழம்பொருள் சந்தையில் இரண்டு டயர்களோடும் அறுந்த ஒயர்களோடும் கிடைத்தது.

இன்று முதன்முறையாக பேட்டரி மாட்டி ஓட்டினேன். விசையை அழுத்தியதும் பின்பக்கத்திலிருந்து ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. மோட்டார் சுழல்கிறது, வண்டியோ அரை மனதாக நகர்கிறது. கையில் தூக்கி ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் மற்றது எதிர்த்திசையில் சரியாகத்தான் சுழல்கிறது, ஆனால் உள்ளே மணல் அரைபடுவது விரல் நுனிக்குத் தெரிகிறது.

2024 மார்ச் 9, சனி

பெட்டியைப் பிரித்தேன். பிரிப்பதற்கு முன்பே ஒரு மணி நேரம் போய்விட்டது, காரணம் ஆலன் கீ, அதாவது திருகாணித் தலையின் அறுகோணக் குழிக்குள் விட்டுத் திருகும் சாவி. இந்த வண்டி முழுக்க அங்குலக் கணக்கு. 1/16 அங்குலக் குழிக்கு 1.59 மில்லிமீட்டர் சாவி வேண்டும். என்னிடம் இருந்த 1.5 மில்லிமீட்டர் சாவி உள்ளே போகிறது, திருகினால் குழியின் மூலைகளை வழித்துவிடுகிறது. முன்பு வைத்திருந்தவரும் அப்படித்தான் செய்திருக்கிறார் போலும், இரண்டு திருகாணிகளின் தலை ஏற்கெனவே வட்டமாகியிருந்தது. அங்குலச் சாவி வாங்கி வந்த பிறகே மேற்கொண்டு கை வைத்தேன்.

வளைவில் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதுதான் டிஃபரன்ஷியல். பெரிய கார்களின் டிஃபரன்ஷியலுக்குள் கூம்புவடிவப் பல்சக்கரங்கள் இருக்கும். இதில் அவை கிடையாது. பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றில் வட்டமாகப் பன்னிரண்டு துளைகள், துளைக்கு ஒரு குண்டு. 3/32 அங்குலக் குண்டு என்றால், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்னும் நம் தச்சர் கணக்கில் முக்கால் நூல். இருபுறமும் ஒரு எஃகு வளையம், வளையத்துக்கு வெளியே சக்கரத் தண்டின் முனை உட்காரும் கோப்பை. இவை அனைத்தையும் நடுவே ஓடும் ஒரே திருகாணி அழுத்திப் பிடிக்கிறது. நேராக ஓடும்போது குண்டுகள் உருளாமல் உராய்வினாலேயே இரண்டு வளையங்களையும் இழுத்துச் செல்கின்றன. வளைவில் ஒரு சக்கரம் பின்தங்கினால், அந்த வித்தியாசத்தை உருண்டு ஈடுகட்டுகின்றன. ஆகவே குண்டு வழுக்கவும் கூடாது, உருள மறுக்கவும் கூடாது.

2024 மார்ச் 10, ஞாயிறு

எல்லாவற்றையும் ஆல்கஹாலில் கழுவி வெள்ளைத் துணியில் பரப்பினேன். டிஃபரன்ஷியல் கெட்டால் குண்டு தேய்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் கண்ணுக்குக் குண்டுகள் அவ்வளவு மோசமில்லை. வளையங்களில்தான் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது.

உண்மையான குற்றவாளி திருகாணித் தலைக்கு அடியில், அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே சுழல விடும் திரஸ்ட் பேரிங். இரண்டு வாஷர்களுக்கு நடுவே ஆறு சின்னக் குண்டுகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 5/64 அங்குலம். நான் எண்ணினால் ஐந்து. வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்க்க வந்த மகளை எண்ணச் சொன்னேன். அவளும் “அஞ்சுதாம்ப்பா” என்றாள். மீதமிருந்தவை வாஷரில் குழி பறித்திருந்தன. வண்டி திரும்பும்போது இரண்டு கோப்பைகளும் எதிரெதிராகச் சுழல்கின்றன. திருகாணி ஒரு கோப்பையில் உள்ள மரையோடு பிணைந்திருக்கிறது, அதன் தலையோ மறு கோப்பையின்மேல் அமர்ந்திருக்கிறது. இந்த பேரிங் இறுகிவிட்டால், திரும்பும்போதெல்லாம் கோப்பை திருகாணித் தலையையும் சேர்த்துத் திருக முயலும். திருகாணி மெல்ல மெல்லத் தளரும், தளர்ந்ததும் பெரிய குண்டுகள் வழுக்கும், வழுக்கினால் வளையம் தேயும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

2024 மார்ச் 16, சனி

உதிரிப் பாகங்கள் வந்துவிட்டன. குண்டுகளை டங்ஸ்டன் கார்பைடில் வாங்கினேன். எஃகைவிடக் கடினமானவை, விரைவில் தேயாது. பீங்கான் குண்டுகள் எடை குறைந்தவைதான், ஆனால் மாலை நேரத்தில் தெருவில் ஓட்டுபவனுக்கு அந்த விலை அதிகம்.

பழைய வளையங்களைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பள்ளம் விழாத மறுபக்கம் இருக்கிறதே. சமையலறைக் கண்ணாடித் தட்டின்மேல் 600 எண் உப்புத்தாளை நனைத்து ஒட்டி, லைசென்ஸுக்கு எட்டுப் போடுவதுபோல் ஒவ்வொரு வளையத்தாலும் நிதானமாக எட்டுப் போட்டேன். பளபளப்பு மங்கி, ஒரே சீரான சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்தினேன்.

கிரீஸ் விஷயத்தில் அவசரம் கூடாது. பெரிய குண்டுகளுக்குச் சிலிக்கோன், திரஸ்ட் பேரிங்குக்குக் கறுப்பு கிரீஸ். மாற்றிப் பூசினால் இழுக்க வேண்டியது வழுக்கும். கறுப்பு கிரீஸை வாஷரில் தாராளமாக அப்பினால் ஆறு சின்னக் குண்டுகளும் அதில் ஒட்டி நிற்கும். நான் கஞ்சத்தனம் செய்ததால் ஒன்று துள்ளி ஓடியது. அரை மணி நேரம் தரையில் தவழ்ந்த பிறகு, ஓரத்தில் கிடந்த பழைய மோட்டாரின் காந்த ஓட்டில் அது ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

அதன் பிறகு செய்ததுதான் மடத்தனம். நடுத் திருகாணியை இறுக்கும்போது, அதனோடு சேர்ந்த வில்சுருள் முழுக்க அமுங்கியது கைக்குத் தெரிந்த பின்னும், இன்னும் கொஞ்சம் என்று திருகினேன். ‘டிக்’. திருகாணி இரண்டானது. அதன் குறுக்களவே 2.2 மில்லிமீட்டர்தான், அதுவும் பழையது.

2024 மார்ச் 17, ஞாயிறு

உடைந்த துண்டு மரைக்குள்ளேயே தங்கிவிட்டதால் இரண்டையும் மாற்ற வேண்டும். புதியவற்றுக்கு எழுதிப் போட்டேன்.

2024 மார்ச் 23, சனி

இம்முறை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி இறுக்கினேன். இடையிடையே கோப்பைகளை எதிரெதிராகச் சுழற்றி, குண்டுகள் வளையத்தில் படிய விட்டேன். வில்சுருள் முழுக்க அமுங்கியதும் எட்டில் ஒரு சுற்று பின்வாங்கினேன். இந்த மரையில் அங்குலத்துக்கு 56 புரி. ஆகவே எட்டில் ஒரு சுற்று என்பது ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் கனம். இந்த முடியளவில்தான் ‘கொர்ர்’ இருக்கிறதும் இல்லாததும்.

பெட்டியை மூடி வண்டியில் பூட்டிய பின் சோதனை. வலச் சக்கரத்தை ஒரு கையால் பிடித்து, அதே கைக் கட்டைவிரலால் மோட்டார் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தை அழுத்திக்கொண்டு, இடச் சக்கரத்தைச் சுழற்ற முயன்றேன். மூச்சைப் பிடித்து முறுக்கினாலன்றி அசையவில்லை. அப்புறம், திடீர் அதிர்ச்சியில் மோட்டாரின் இழுவையை வழுக்க விடும் ஸ்லிப்பர் கிளட்சை அதைவிடச் சற்றுத் தளர்வாக வைத்தேன். குதித்து இறங்கும்போது வழுக்க வேண்டியது கிளட்சே தவிர டிஃபரன்ஷியல் அல்ல.

2024 மார்ச் 24, ஞாயிறு

முதல் பேட்டரியை முழு வேகம் காட்டாமல், எட்டு எட்டாக ஓட்டியே தீர்த்தேன். பிறகு டிஃபரன்ஷியல் திருகாணியைத் தொட்டுப் பார்த்ததில், புதுக் குண்டுகள் படிந்ததால் மிகச் சிறிது தளர்ந்திருந்தது. கால் விரற்கடை கூட இல்லாத ஒரு அசைவில் சரியானது. இரண்டாம் பேட்டரியில் விசையை முழுக்க அழுத்தினேன். பின்சக்கரங்கள் மண்ணை வாரி என் செருப்பில் இறைத்தன, சத்தம் மோட்டாருடையது மட்டுமே. இறக்கி வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால், வெண்ணெயில் விரல் விட்டதுபோல் இருக்கிறது.

முன்சக்கரத்தில் ஒரு ஆட்டம் இருக்கிறது. அது அடுத்த வாரம்.