உண்டியல் காசும் மேக்காத்தும்

"காத்து நமக்குப் பின்னாடிதான் மாப்ளே அடிக்கும். மிதிக்கவே வேண்டாம், சும்மா உக்காந்து வந்தா போதும்."

என் நண்பன் இதைச் சொன்னது ஆனி மாதத்துச் சனிக்கிழமை ராத்திரி, பாளையங்கோட்டையில் ஒரு புரோட்டாக் கடையில். மேசையில் சிந்திய தண்ணீரை விரலால் இழுத்து மேப் போட்டான். பாளையிலிருந்து வள்ளியூருக்கு இறங்கி, ராதாபுரம், கூடங்குளம் போய், கடலோரமாகவே உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் என்று கோடு ஏறியது. அதற்குள் அடுத்த செட் புரோட்டா வந்துவிட்டது. தட்டை வைத்ததில், திருச்செந்தூரிலிருந்து பாளைக்குத் திரும்புகிற கோடு மட்டும் அழிந்துபோனது. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். சால்னா ருசியில் விட்டுவிட்டேன்.

இவனுக்கு ஒரு வருடமாகவே 'ப்ரெவே' கிறுக்கு. நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்குத்தான் அந்தப் பேர். போட்டியெல்லாம் கிடையாது, முதல் பரிசும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தை ஓட்டி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. நின்றாலும் தூங்கினாலும் சாப்பிட்டாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிரான்சில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்புகிற 1200 கிலோமீட்டர் ஒன்று இருக்கிறது. நாலு வருடத்துக்கு ஒருமுறை, 90 மணி நேரக் கெடு. அதற்குப் போக வேண்டும் என்பது அவன் லட்சியம். முதல் படியாக ஒரு 200 வெள்ளோட்டம், அதற்குத் துணையாக நான். என்னுடைய அதிகபட்சத் தூரம் அதுவரைக்கும் கிருஷ்ணாபுரம் போய் டீ குடித்துவிட்டு வருவது.

அவன் போட்ட முதல் சட்டம், எடை. "ஒவ்வொரு கிராமும் நூறு கிலோமீட்டருக்கு அப்புறம் கல்லு மாதிரி கனக்கும்ல" என்று பர்ஸ், ஏடிஎம் கார்டு, வீட்டுச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் வைத்துவிட்டு வரச் சொன்னான். போன் இருந்தால் போதும், எல்லாக் கடையிலும் ஸ்கேன் பண்ணிக்கலாம். புரோட்டா எட்டு தின்றவன் கிராம் கணக்குச் சொன்னதையும் நான் கேட்டுக்கொண்டேன்.

அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பும்போது அம்மா எழுந்து வந்தாள். திருச்செந்தூர் வழியாகப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். அதுதான் தப்பு. ஒரு மஞ்சள் துணியில் முடிந்து 111 ரூபாய் கையில் திணித்தாள். "உண்டியல்ல போட்டுட்டு, இலை விபூதி வாங்கிட்டு வா."

நண்பன் முடிச்சைக் கையில் வாங்கி எடை பார்த்தான். "நோட்டு ஓகே. இந்தச் சில்லறை தேவையா?"

"சாமி காசுலே" என்றேன். ஜெர்சியின் முதுகுப்பையில் போட்டுக்கொண்டேன்.

நாங்குநேரி வரை இருட்டு. வள்ளியூரில் விடிந்து, டீயும் வடையும் ஆச்சு. அங்கிருந்து ராதாபுரத்துக்குத் திரும்பினோமோ இல்லையோ, பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேக்காத்து. ஆனி, ஆடியில் அதற்கு வேறு வேலை கிடையாது. சுற்றிலும் காற்றாலைகள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி விசுக் விசுக்கென்று சுற்றிக்கொண்டிருந்தன. என் மீட்டர் 34 காட்டியது. வாழ்க்கையில் நான் 34இல் போனது ஸ்கூட்டரில்தான். நண்பன் ஹேண்டிலை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு எண்ணம்: பாரிஸ் பெரிய விஷயமே இல்லை போலிருக்கே.

ராதாபுரம் தாண்டி ஒரு பனை மூட்டில் பதநீர். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைக் கீறிப் போட்டுக் கொடுத்தார் அந்த அண்ணாச்சி. நான் ஒரு பட்டை. நண்பன் மூன்று. குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"ஸ்கேனரு எங்க அண்ணாச்சி?"

அவர் பனையை அண்ணாந்து பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "மரத்துலயா மாட்டி வைக்க?"

எழுபது ரூபாய். நண்பன் என் முதுகுப்பையைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். "கடனா எடுத்துக்கிடுவோம் மாப்ளே. முருகன் நம்மாளுதான்." மஞ்சள் துணி முதல் முறையாக அவிழ்ந்தது.

அண்ணாச்சி மிச்சச் சில்லறையைக் கொடுத்துக்கொண்டே என் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "என்ன வெல வரும்?" இந்தக் கேள்விக்கு நான் நிரந்தரமாக ஒரு பதில் வைத்திருக்கிறேன்: எட்டாயிரம். வீட்டிலும் அதுதான் கணக்கு. சொல்வதற்குள் நண்பன் பெருமையாக உண்மையைச் சொல்லிவிட்டான். அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவே இல்லை. கடைசியில், "ஒரு ஸ்டாண்டு கூட வச்சித் தரல பாத்தியளா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

கூடங்குளத்தில் அணு உலையின் கும்மட்டங்களைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பினோம். உவரிக்கு ஒரு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது என் பின் டயர் புஸ்ஸென்றது. உடமுள். குடை விரித்த மாதிரி அழகாக நிற்குமே, அந்த உடைமரத்து முள்தான், வெள்ளையாக, ஊசிக்கு அண்ணன் மாதிரி. டயரில் இறங்கி அடுத்த பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நண்பன் பதறவில்லை. "இதுக்குத்தானே ஸ்பேர் ட்யூப் வச்சிருக்கேன்." சீட்டுக்கு அடியில் இருந்த பையைத் திறந்து, ட்யூபைப் பிரித்து, ரிம்மில் வைத்தான். பாதிச் சக்கரத்தோடு ட்யூப் முடிந்துவிட்டது. இழுத்துப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். அது அவன் மகன் ஓட்டுகிற குட்டிச் சைக்கிளின் ட்யூப்.

"எடை கம்மியா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன்" என்றான்.

இரண்டு கிலோமீட்டர் உருட்டினோம். வேப்பமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு பெரியவர். டயரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். "மண்புழு மாதிரி இருக்கு. இதுல ஆளு வேற உக்காருதியளா?"

பிறகு அவர் பேசவில்லை. டயர் லிவரைத் தொடவே இல்லை, கட்டைவிரலாலேயே டயரைக் கழற்றினார். ட்யூபைச் சட்டித் தண்ணீரில் முழுக்கி, ஜெபமாலை உருட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். ஒரு இடத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. இன்னும் நகர்த்தினார். இன்னொரு இடத்திலும் வந்தது. முள் இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, ஊதி ஊதிக் காயவைத்து, ஒட்டுப் போட்டுச் சுத்தியலால் செல்லமாக நாலு தட்டு. நண்பன் தன் கையடக்கப் பம்பை நீட்டியபோதுதான் வாய் திறந்தார்.

"இது என்ன, கொசுமருந்து அடிக்கதா?"

அந்தக் கொசுமருந்துப் பம்பில் நண்பன் 214 அடி அடித்தான். நான்தான் எண்ணினேன். பெரியவர் பீடியைப் பற்றவைத்து முழுசாகக் குடித்து முடித்தார்.

நாற்பது ரூபாய். போனை எடுக்க யாரும் முயற்சிக்கவில்லை. கடைப்பெட்டியின் உள்பக்கம் முருகன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. அவரைச் சாட்சியாக வைத்தே மஞ்சள் துணியை அவிழ்த்தேன். மிச்சம் ஒரு ரூபாய்.

உவரி, மணப்பாடு, குலசை என்று கடல் கூடவே வந்தது. மணப்பாட்டில் மணல்மேட்டின் மேல் இருக்கிற சிலுவைக் கோயிலைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்தோம். அந்தப் பத்து நிமிடம் நன்றாக இருந்தது. நண்பன்தான் நடுவில் இரண்டு முறை எழுந்து ஒதுங்கப் போனான். மூன்று பட்டைப் பதநீர் தன் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

திருச்செந்தூரில் மணி ஒன்றரை. ஞாயிற்றுக்கிழமை. கோயில் வரிசையின் வால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நாங்கள் இருவரும் பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த அரைக்கால் டவுசரில் நிற்கிறோம். வேட்டியும் எடைக் கணக்கில் வீட்டிலேயே நின்றுவிட்டது. கையில் ஒரு ரூபாய். வெளியிலிருந்தே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சாம்பார் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு பாளைக்குத் திரும்பினோம்.

திரும்பினோம் என்றா சொன்னேன்? சைக்கிளைத் திருப்பினோம். சைக்கிள் போகவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் காற்றாலைகள் ஞாபகம் வந்தன. எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றனவே, மேற்கு. பாளை இருப்பதும் அங்கேதான். காலையில் சும்மா தள்ளிவிட்ட காற்று, சாயங்காலம் வட்டியோடு வசூலுக்கு நின்றது. மீட்டரில் 11. இறக்கத்திலும் மிதித்தால்தான் நகர்ந்தது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்று, கொஞ்சம் யோசிக்கிறது.

"நீ காத்து பின்னாடி அடிக்கும்னு சொன்னல்ல?"

"அடிச்சிச்சா இல்லியா?"

"வரும்போது?"

"போறதப் பத்தித்தானே மாப்ளே பேசினோம்."

ஒருவன் முன்னால் போய்க் காற்றை வாங்க, மற்றவன் பின்னால் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று ஒப்பந்தம். அவன் முன்னால் போகும் கிலோமீட்டர் மட்டும் எண்ணூறு மீட்டரிலேயே முடிந்துவிடும். தென்திருப்பேரைப் பக்கம், பழைய ஹெர்குலிஸ் சைக்கிளில் இரண்டு பக்கமும் வாழைத்தார் கட்டிய ஒரு பெரியவர், பெடல் கிறீச்சிட எங்களைத் தாண்டினார். லுங்கி, செருப்பு, வாயில் வெற்றிலை.

"விடாத, அவரு பின்னாடி ஒட்டிக்கோ!" என்றான் நண்பன். நல்ல அகலமான தார்கள். காற்றே தெரியவில்லை. அவர் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால், ஹெல்மெட்டும் கூலிங் கிளாசும் மாட்டிய இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சத்தமில்லாமல் இரண்டு கிலோமீட்டர் போனோம். அவர் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை நின்றேவிட்டார்.

"என்னடே, பழம் வேணுமா? கேட்டா தருவம்லா. எதுக்கு இப்படிப் பதுங்கி வாரிய?"

ஆளுக்கு இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்தப் பழம் இல்லையென்றால் இந்தப் பதிவு இல்லை.

ஆதிச்சநல்லூர் பலகையைப் பார்த்ததும் நான் சைக்கிளை நிறுத்தினேன். தோண்டத் தோண்ட முதுமக்கள் தாழி வந்த ஊர். "ஒண்ணு காலியா இருக்கான்னு கேட்டுட்டு வா. நான் இங்கயே இருக்கேன்" என்றேன். நண்பன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பாளை வந்தபோது மணி ஏழு. பதின்மூன்றரை மணி நேரம் எப்போதோ தீர்ந்துவிட்டது. வீட்டுத் தெருமுனையில் மீட்டர் 194.6.

"இன்னும் அஞ்சு புள்ளி நாலுதான்" என்றான் நண்பன்.

அவனை அங்கேயே தள்ளிவிட்டிருக்கலாம், கையில் தெம்பில்லை. வ.உ.சி. மைதானத்தைச் சுற்றினோம். சுற்றினோம். மறுபடியும் சுற்றினோம். வாக்கிங் வந்த ஒரு தாத்தா நாலாவது தடவை எங்களைப் பார்த்ததும், "தம்பி, வீட்ட தொலச்சிட்டியளா?" என்றார். மீட்டர் 200.0 ஆனதும் நண்பன் போட்டோ எடுத்தான். நேரம் மட்டும் தெரியாமல் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான். பதநீர் குடித்த நேரத்தைக் கழித்தால் கெடுவுக்குள்தான் வரும் என்று இன்றும் வாதாடுகிறான்.

வீட்டுவாசலில் அம்மா நின்றிருந்தாள். எங்கள் கோலத்தைப் பார்த்தும் முதல் கேள்வி அதுதான்.

"இலை விபூதி எங்கல?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் என் டயரைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் முதுகுப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து நீட்டினேன். அம்மா அவிழ்த்தாள். ஒற்றை ரூபாய் நாணயம்.

"மிச்சம்?"

"முருகன் கையிலதாம்மா சேந்திருக்கு" என்றான் நண்பன். "நாப்பது ரூவா அவரு பாக்கப் பாக்கத்தான் குடுத்தோம்."

அம்மா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். உள்ளே போய், இன்னொரு 110 ரூபாய் கொண்டுவந்து அதே துணியில் வைத்து முடிந்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. பஸ்ஸுல."

நண்பன் முடிச்சை வாங்கி, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான்.