பவர் பத்திரத்தை ரத்து செய்யப் போகிறீர்களா?

சென்னையில் ஒரு மனைக்கோ வீட்டுக்கோ பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு, அதாவது முகவருக்கு, அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்தவர் மனம் மாறினால், அவர் காதில் முதலில் விழுவது "ரத்துப் பத்திரம் போட்டுடுங்க, முடிஞ்சுது" என்பதுதான். அது முடிவதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 208ஆம் பிரிவின்படி, அதிகாரம் பறிபோன செய்தி முகவருக்குத் தெரியவரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை ரத்து நடப்புக்கு வருகிறது. மூன்றாம் நபர்களுக்கும் அப்படித்தான்: அவர்களுக்குத் தெரியும்போதுதான். பத்திரம் பதிவான நாளுக்கும் முகவர் கைக்கு நோட்டீஸ் போய்ச் சேரும் நாளுக்கும் இடையில் ஒரு விற்பனை நடந்துவிட்டால், வழக்கு முழுக்க அந்த இடைவெளியைச் சுற்றியே ஓடும். ரத்து வேலையில் அதிக அக்கறை வேண்டியது அந்த இடைவெளியைச் சுருக்குவதில்தான்.

முதலில் வில்லங்கம், அதாவது சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பாருங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் சொத்து எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, சர்வே எண் உட்பிரிவோடு கொடுத்துத் தேடினால் பார்க்கக் காசு கிடையாது. பவர் எழுதிய தேதிக்கு முன்னாலிருந்து இன்றுவரை தேடுங்கள். மனை உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். அசையாச் சொத்துக்கான பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-இல் சட்டத் திருத்தம் வந்தது. வெளிநாட்டில் எழுதியவற்றுக்கு மட்டும் விலக்கு. அதற்கு முந்தைய பவர்கள் பல, பதிவு அலுவலகத்தில் இதர ஆவணங்களுக்கான 4ஆம் புத்தகத்தில் பதிவானவை, வில்லங்கத்தில் தலைகாட்டாது. நோட்டரி முன்னால் மட்டும் எழுதியவையும் உண்டு. ஆகவே வில்லங்கத்தில் பவர் இல்லை என்றாலும் பவரே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வில்லங்கத்தில் முகவர் செய்த கிரயமோ விற்பனை ஒப்பந்தமோ தெரிந்தால், ரத்துப் பத்திரம் அதைத் தொடாது. அதிகாரம் இருந்தபோது செய்த செயல் பவர் கொடுத்தவரையே கட்டும். மோசடி என்று சொல்ல ஆதாரம் இருந்தால் வழி உரிமையியல் நீதிமன்றம். ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்குக் காலவரம்பு, விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். அந்த நாள் எது என்பதே பின்னால் சர்ச்சையாகும் என்பதால், வில்லங்கம் எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள்.

அடுத்த கேள்வி: இந்தப் பவரை ரத்து செய்ய முடியுமா? முகவருக்குச் சொத்தில் தனக்கென ஓர் உரிமையும் நலனும் இருந்தால், அவருக்குப் பாதகமாக ரத்து செய்யக் கூடாது என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவு. இடத்துக்காரரும் பில்டரும் சேர்ந்து கட்டும் ஜாயின்ட் வென்ச்சர் பவர்களில் இது அடிக்கடி வரும். பில்டர் பணம் போட்டு, அவர் பங்கு மனைப் பாகத்தை விற்றுக்கொள்ள வாங்கிய பவர் அது. ஒருதலையாக ரத்து செய்தால் மறுநாளே தடையாணை கேட்டு நீதிமன்றம் போவார். முழுத்தொகை வாங்கிக்கொண்டு, கிரயத்துக்குப் பதில் கொடுத்த பவரும் இதே சிக்கலில் மாட்டும். அப்படிப்பட்ட பவர் உரிமை மாற்றம் ஆகாது என்று சுராஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் பணம் கொடுத்தவருக்கு ஒப்பந்த உரிமை இருக்கும். இந்த இரண்டு வகையிலும் முகவரையும் கையெழுத்துப் போடவைத்து, கணக்கை முடித்து ரத்து செய்வதுதான் நிலைக்கும். மறுபக்கம், "மீளப்பெற முடியாத பவர்" என்று பத்திரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் பயந்துவிடாதீர்கள். அந்தச் சொல் தனியாக எதையும் செய்யாது, முகவருக்குச் சொத்தில் நலன் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

தம்பிக்கோ மைத்துனருக்கோ காசு வாங்காமல் கொடுத்த பவர் என்றால், கொடுத்தவர் மட்டுமே கையெழுத்திட்டு ரத்து செய்யலாம்.

இனி பத்திரம். மூலப் பவரின் ஆவண எண், ஆண்டு, புத்தகம், பதிவான அலுவலகம், தேதி ஆகியவற்றில் ஓர் இலக்கம்கூடப் பிசகக் கூடாது. சொத்து விவரத்தைப் புதிதாக எழுதாமல் பழைய பத்திரத்தில் உள்ளபடியே எடுத்துப் போடுங்கள். பழைய பத்திரம் முகவரிடம் இருந்தால் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். முகவரின் தவறுகளைப் பட்டியல் போடாதீர்கள். ரத்துக்குக் காரணம் எழுதத் தேவையில்லை, எழுதினால் அதை நிரூபிக்கும் சுமை வேறு வரும்.

ஒரு வரியை மட்டும் கட்டாயம் தேடிப் படியுங்கள். ஆவண எழுத்தர்கள் வைத்திருக்கும் மாதிரிகள் சிலவற்றில், "இதுநாள்வரை மேற்படி ஏஜென்ட் செய்துள்ள சகல காரியங்களையும் நான் ஏற்று உறுதிசெய்கிறேன்" என்று ஒரு வாசகம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். முகவர் என்ன செய்தார் என்று தெரியாத நிலையில் அதில் கையெழுத்திட்டால், சந்தேகம் உள்ள செயலுக்கும் நீங்களே முத்திரை குத்தியதாகிவிடும். அடித்துவிட்டு, வில்லங்கத்தில் தெரிந்த செயல்களை மட்டும் எண்ணோடு குறிப்பிடச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால், எனக்குத் தெரிந்தவரை எதுவும் செய்யப்படவில்லை என்று எழுதினால் போதும்.

பதிவை மூலப் பவர் பதிவான அதே அலுவலகத்திலேயே வையுங்கள். மயிலாப்பூரில் பதிவான பவருக்கு வேளச்சேரியில் ரத்து என்றால், மூலப் பதிவில் குறிப்பு ஏறுவது தாமதமாகலாம். பழைய பவர் ஓரிடத்தில் பதிவாகி, சொத்து வேறு அலுவலக எல்லையில் இருந்தால், பதிவான ரத்துப் பத்திரத்தின் நகலை அந்தச் சார்பதிவாளருக்கும் எழுத்து மூலம் கொடுத்து, அந்த அலுவலக முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அண்மை ஆண்டுகளில் மாறியிருப்பதால் பழைய தொகையை நம்பாமல் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு டோக்கன் கிடைத்த நாளில் ஆதார் முதலிய அசல் அடையாள அட்டைகளோடு கொடுத்தவர் நேரில் போக வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவர் என்றால், பதிவுச் சட்டத்தின் 31, 38ஆம் பிரிவுகளின்கீழ் சார்பதிவாளரை வீட்டுக்கு வரக் கேட்டு மனு கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் ரத்துப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி செய்து அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும்.

பத்திர நகல் கைக்கு வந்த அன்றே நோட்டீஸ் கிளம்பட்டும். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பெற்றதற்கான சான்று கேட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முகவரின் பவரில் உள்ள முகவரி, இப்போது இருக்கும் முகவரி இரண்டுக்கும் தனித்தனியாக. கூடவே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் பத்திரத்தின் படத்தை அனுப்பிவிடுங்கள், தபாலுக்கு முன்னால் அது போய்ச் சேரும். தபால் "வீடு பூட்டியிருந்தது" என்று திரும்பினால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் சென்னைப் பதிப்பில் அறிவிப்புப் போட்டு, முழுப் பக்கத்தையும் எடுத்து வைப்பது நல்லது.

நோட்டீசில் மூலப் பவரையும் சொத்தின் மூலப் பத்திரங்களையும் திருப்பிக் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், குடியிருப்போர் சங்கம், வங்கி என முகவர் உங்கள் பெயரில் பேசிவந்த எல்லா இடங்களுக்கும் ஒரு நகல் போக வேண்டும். முகவர் பெயருக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கும் குடித்தனக்காரருக்குச் சொல்லாமல் விட்டால், அவர் கட்டிய மாதங்களை மறுபடி கேட்க முடியாது.

பவரை வைத்து முகவர் கிரயம் எழுதப் போனால், கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்று பதிவு அலுவலகத்தில் கேட்பார்கள். அது உயிரோடு இருப்பதைத்தான் சொல்லும், பவர் உயிரோடு இருப்பதைச் சொல்லாது. ரத்து யோசனை வந்த பிறகு எந்தச் சான்றிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத்தாளில் நிச்சயமாகக் கூடாது. கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் தானாகவே முடிந்துபோகும், ரத்துப் பத்திரம் தேவையில்லை. ஆனால் வாரிசுகள் இறப்புச் சான்று நகலோடு முகவருக்கும் சார்பதிவாளருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு, 15 நாள் கழித்து ஒரு முறையும் 2 மாதம் கழித்து ஒரு முறையும் மறுபடி வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ரத்துப் பத்திரம் அதில் ஏறியிருக்கிறதா, சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் தப்பாக ஏறியிருந்தால், வாங்க வருகிறவர் எடுக்கும் வில்லங்கத்தில் உங்கள் ரத்து தெரியாது. உடனே திருத்த மனு கொடுங்கள்.