ஒக்டோபரில் காஸ்பேசி: பதிவு கிடைத்தது, மலை கிடைக்கவில்லை

மொன்றியலில் இருந்து 700 கிலோமீற்றருக்கு மேல் கார் ஓடி, கியூபெக் மாகாணத்தின் காஸ்பேசி தேசியப் பூங்காவுக்குள் கூடாரமும் அடித்த பிறகுதான் தெரிந்தது, அங்குள்ள மொன் ஜாக்-கார்த்தியே மலையில் ஏறும் காலம் செப்ரெம்பர் 30உடன் முடிந்துவிட்டதென்று. ஒக்டோபர் முதல் வாரத்துக்கு முகாம் இடம் கிடைத்ததால் மலைப்பாதையும் திறந்திருக்கும் என்று நினைத்தோம். பிழை எங்களுடையதுதான். முகாமுக்கு ஒரு கலண்டர், 1,268 மீற்றர் உயரமான அந்த மலைக்கு வேறொரு கலண்டர். ஜூன் 24 முதல் செப்ரெம்பர் 30 வரை, அதுவும் காலை 10க்கும் பிற்பகல் 4க்கும் இடையில் மட்டுமே ஏற விடுவார்கள். செயின்ட் லோரன்ஸ் ஆற்றுக்குத் தெற்கே மிஞ்சியிருக்கும் கடைசிக் கரிபு மான் கூட்டம் அங்கே வாழ்கிறது, அவற்றுக்கு அமைதி வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே முதலில் ஏற விரும்பும் பாதையின் திகதியைப் பாருங்கள். பிறகு முகாம் இடம். வேலையில் லீவு கேட்பது கடைசியில். வெளிக்கிடும் வாரத்தில் பாதை நிலவரத்தை இன்னொரு தரம் பாருங்கள். பிரெஞ்சில் 'ஃபெர்மே' என்றால் மூடியது, 'கொம்ப்ளே' என்றால் இடமில்லை. ஒக்டோபர் இரண்டாம் திங்களோடு வரும் நன்றியறிதல் விடுமுறைக்கு இந்த இரண்டாவது சொல்தான் எங்கும் நிற்கும்.

முகாம் பதிவே சுலபம், பத்து நிமிட வேலை. ஆனால் அந்தக் கட்டணத்தில் பூங்காவின் தினசரி நுழைவு அனுமதி அடங்காது. அதை ஆளுக்கு, நாளுக்கு என்று தனியாகக் கட்ட வேண்டும். கணக்குப் போடும்போது இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பெரிய மலை போனாலும் பயணம் வீணாகவில்லை. மொன் ஏர்னெஸ்ட்-லாஃபோர்ஸ் சின்ன ஏற்றம், மூஸ் மான் கண்ணில் படுவதற்கு நல்ல இடம். லாக் ஓ-ஸமெரிக்கன் பனியாறு குடைந்த கிண்ணத்துக்குள் கிடக்கும் ஏரி. நடை குறைவு, காட்சி பெரிது. மொன் அல்பேர் முழுச் சுற்றுக்கு ஒரு நாள் முழுவதும் வேண்டும். உச்சி மொட்டைச் சமவெளி, காற்றுக்கு மறைப்பே இல்லை. கீழே மழையென்றால் மேலே பனி விழலாம். கையுறை, காதை மூடும் தொப்பி, காற்றுத் தடுக்கும் மேலங்கி மூன்றும் பையில் இல்லாமல் ஏறாதீர்கள்.

வெளிச்சத்தையும் குறைத்தே கணக்கிடுங்கள். மணிக்கூடு மொன்றியல் நேரம்தான், ஆனால் இடம் வெகு கிழக்கே. ஒக்டோபர் 10ஐ ஒட்டி மாலை ஐந்தே முக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும், மொன்றியலை விட அரை மணி முன்னதாக. நாங்கள் ஆறேகாலை மனதில் வைத்து இறங்கத் தொடங்கி, கடைசித் துண்டைத் தலைவிளக்கோடு நடந்தோம். பூங்காவுக்கு ஊடாகப் போகும் 299ஆம் இலக்கக் கார் வீதியில் அந்தி நேரம் மூஸ் குறுக்கே வரும். காரை மெதுவாக ஓடுங்கள்.

இலையுதிர் காலம் மூஸ் வேட்டைக் காலமும்கூட. தேசியப் பூங்காவுக்குள் வேட்டை இல்லை, ஒட்டியிருக்கும் ஷிக்-ஷொக் வனவிலங்கு ஒதுக்கத்தில் உண்டு. எல்லையோரம் நடப்பவர்கள் பளிச்சென்ற செம்மஞ்சள் மேற்சட்டை போடுவது நல்லது. 20 டொலருக்குள் கிடைக்கிறது.

திரும்பும் வழியில்தான் அடுத்த அடி. 132ஆம் இலக்கப் பாதையோரம் ஒரு விடுதியில் தொலைபேசியில் அறை பேசியிருந்தோம். போய் நின்றால் கதவில் பூட்டு, பருவம் முடிந்ததென்று ஒரு கடுதாசி. இரவு எட்டரை மணிக்கு மேலும் ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டியதாயிற்று. வாய்ப் பேச்சை நம்பாமல் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வாங்குங்கள், முதல் நாள் திரும்ப அழையுங்கள். சின்ன ஊர்களில் ஆங்கிலம் குறைவு; திகதி, பெயர், ஆட்கள் எண்ணிக்கை மூன்றையும் பிரெஞ்சில் எழுதி வைத்து வாசித்தாலே போதும், பொறுமையாகக் கேட்கிறார்கள்.

அடுப்பு வாயுவை வழியில் வரும் ரிமூஸ்கி, மத்தான் நகரங்களில் ஒன்றில் வாங்கிவிடுங்கள். விறகை வீட்டிலிருந்து ஏற்ற வேண்டாம், மரத்தைத் தின்னும் பூச்சி அதோடு பயணம் செய்யும்; முகாமிலேயே வாங்குங்கள். பெற்றோல் தாங்கி அரைக்குக் கீழே இறங்கினால், அடுத்த ஊரை நம்பாமல், கண்ட இடத்தில் நிரப்புங்கள்.