அழுதுட்டு எப்படி மார்க் போடுறது

மாணவங்க சொந்த வாழ்க்கையப் பத்தி எழுதின பெர்சனல் எஸ்ஸே கட்டு கைக்கு வந்துச்சுன்னா அன்னைக்கு வேகமா திருத்த முடியாது, காலேஜ்ல ரைட்டிங் கிளாஸ் எடுக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. ஒரு பேப்பர்ல அப்பாவுக்கு வேலை போயிருக்கும், அடுத்ததுல அம்மாவுக்கு கேன்சர், அதுக்கு அடுத்ததுல ஸ்கூல்ல தன்னைய ஓட்டிக்கிட்டே இருந்தவன ரொம்ப நாள் கழிச்சு பாத்த கதை. அம்மா செத்ததப் பத்தி எழுதியிருக்கிற பக்கத்துல "ஸ்பெல்லிங் கவனி"ன்னு சிவப்பு மையில கிறுக்க யாருக்கு கை வரும்? அதுக்காக ஒண்ணுமே சொல்லாம விடவும் முடியாது, அந்தப் புள்ள எழுதக் கத்துக்கத்தானே வந்திருக்கு.

நிறைய பேரு இதுல ரெண்டு வழியா தப்பிச்சுருவாங்க. ஒண்ணு, விஷயத்தையே தொடாம கமா, முற்றுப்புள்ளின்னு போயிடுறது. இல்லன்னா "ரொம்ப டச்சிங்கா இருந்துச்சும்மா, தைரியமா இரு"ன்னு ஆறுதல் சொல்லி முடிச்சுடுறது. ரெண்டாவது கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது அந்த ஆளோட வாழ்க்கைக்கு எழுதின பதில், கட்டுரைக்கு இல்ல.

நான்சி சோமர்ஸ்னு அமெரிக்காவுல எழுத்துப் பயிற்சி பத்தி ஆராய்ச்சி பண்றவங்க, கூட ரெண்டு பேரோட சேர்ந்து 35 வாத்தியாருங்க மாணவர் பேப்பர்ல என்ன கமெண்ட் எழுதுறாங்கன்னு பாத்து, 1982ல அதைப் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. முக்கால்வாசி கமெண்ட் எந்தப் பேப்பர்ல வேணா தூக்கி ஒட்டலாம்ங்கிற மாதிரி இருந்துச்சாம், "இன்னும் தெளிவா", "இன்னும் விரிவா" இப்படி. இதை விட மோசம், ஒரே பாராவுல இந்த வாக்கியத்த சரி பண்ணுன்னு ஒரு குறிப்பு, பக்கத்துலயே இந்த பாராவையே வளர்த்து எழுதுன்னு இன்னொண்ணு, மாத்தி எழுதப்போற வாக்கியத்துல கமாவ சரி பண்ணி என்ன ஆகப்போகுது? பையன் எது சுலபமோ அதைத்தான் செய்வான், கமாவ மாத்திட்டு குடுத்துருவான். இன்னைக்கும் பெருசா எதுவும் மாறின மாதிரி எனக்குத் தெரியல.

அதனால நான் எனக்குன்னு வச்சுருக்கிற ஒரே சோதனை, இந்த கமெண்ட்ட அடுத்த பேப்பர்ல போட்டாலும் பொருந்துமா? பொருந்துச்சுன்னா அடிச்சுடுவேன். உதாரணத்துக்கு, அப்பா இறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரில நடந்தத ஒரு பொண்ணு எழுதியிருக்குன்னு வச்சுக்குவோம். "சோகம் தாங்க முடியல", "உலகமே இருண்டுச்சு"ன்னு ஒரு பக்கம் ஓடுது, நடுவுல ஒரே ஒரு வரி, மாமா அப்பாவோட வாட்ச்ச கழட்டி ஓடுதான்னு காதுல வச்சு பாத்தாரு. நான் எழுதுறது இவ்வளவுதான்: "வாட்ச் வரில நின்னுட்டேன், அதுக்கப்புறம் வர்ற மூணு வரியும் அதை விட கம்மியாத்தான் சொல்லுது, அவர் அப்புறம் அந்த வாட்ச்ச என்ன பண்ணாரு?" இதுல ஆறுதலும் இல்ல திட்டும் இல்ல, ஆனா ஒருத்தர் உக்காந்து படிச்சிருக்காங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும்.

கடைசி பாரா ஒரு தனி தலைவலி. "இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்னவென்றால்"னு திடீர்னு மேடைத் தமிழ் வந்துரும், முடிவுரை இல்லாட்டி மார்க் போகும்னு ஸ்கூல்ல பழக்கி விட்டது அப்படி. அங்க நான் கேக்கிறது, இது அன்னைக்கே தோணுச்சா, இல்ல இப்ப எழுதும்போதா? இப்பத்தான்னா அதையே எழுது, அன்னைக்கு இருந்த ஆளுக்கும் இன்னைக்கு எழுதுற ஆளுக்கும் நடுவுல இருக்கிற தூரத்துலதான் கட்டுரையே இருக்கு.

கிளாஸ்ல ஒருத்தரோடத மத்தவங்க படிச்சு பேசும்போது "நீ ஏன் அப்படி பண்ண"ன்னு கேக்க விடமாட்டேன், "இதுல வர்ற பையன் ஏன் அப்படி பண்றான்"னுதான் கேக்கணும், மத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் எழுதினவன் வாயத் தொறக்கக் கூடாது. முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் பழகிரும். எழுத்துப் பயிற்சி பத்தி புத்தகம் எழுதின அமெரிக்க வாத்தியார் பீட்டர் எல்போ 1973லயே சொன்ன யோசனை ஒண்ணு இதுல நல்லா உதவுது: நல்லாருக்கு நல்லால்லன்னு தீர்ப்பு சொல்லாத, படிக்கப் படிக்க உன் மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு மட்டும் சொல்லு. "இங்க அம்மா மேல கோவம் வந்துச்சு, அடுத்த பக்கத்துல குழம்பிட்டேன்." எழுதினவனுக்கு "சூப்பர்டா மச்சி"ய விட இது எவ்வளவோ மேல்.

எதை எழுதலாம், யாரெல்லாம் படிப்பாங்கங்கிறத முதல் கிளாஸ்லயே சொல்லிடணும். உயிருக்கு ஆபத்துங்கிற மாதிரி ஏதாவது வந்தா அது மார்ஜின்ல பதில் எழுதுற விஷயமே இல்ல, அன்னைக்கே கூப்பிட்டு பேசணும், காலேஜ்ல யாருக்காவது சொல்லவேண்டிய கட்டாயமும் இருக்கலாம், இதையும் முன்னாடியே சொல்லிடறதுதான் நேர்மை.

மார்க் விஷயத்துல, டிராஃப்ட்டுக்கு போடவே மாட்டேன். ரூத் பட்லர்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் 1988ல ஸ்கூல் பசங்கள வச்சு பாத்ததுல, வெறும் கமெண்ட் வாங்கினவங்க அடுத்த தடவை நல்லா பண்ணாங்க, கமெண்ட்டோட மார்க்கும் வாங்கினவங்களுக்கு அந்த பலன் கிடைக்கல. ஏன்னு கேக்கவே வேணாம், பேப்பர திருப்பிக் குடுக்கும்போது கண்ணு எங்க போகுதுன்னு பாத்தாலே தெரியும். திருத்தி எழுதிக் குடுத்ததுக்குத்தான் மார்க், அதுவும் முதல் டிராஃப்ட்டுல இருந்து எவ்வளவு மாறியிருக்குங்கிறதுக்கு. யாரோட கஷ்டம் பெருசுன்னு பாத்து இல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருத்தர் வந்து, எங்க வீட்ல பெருசா ஒண்ணுமே நடக்கலையே, எனக்கு மார்க் கம்மியாகுமான்னு கேக்கத்தான் செய்றாங்க.