நான்கு முடிச்சுகள்

மலைக்காடுகளில் வழி தவறியவர்களைத் தேடிப் போகும் குழுவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். ஆள் கிடைத்ததும் தண்ணீர் கொடுப்பது, உடம்பைச் சூடாக்குவது, காயத்துக்குக் கட்டுப்போடுவது எல்லாம் பயிற்சியிலேயே கைக்கு வந்துவிடும். மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஒரு தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

ஓடைக்கரையில் ஒரு பாறை இடுக்கில் சுருண்டு கிடந்தார் அவர். அதற்கு முந்தைய நாளே அந்தப் பக்கம் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு போயிருந்தோம். அவருக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் அதற்குமுன் ஓடைச் சத்தத்தில் எத்தனையோ தடவை ஆள் குரல் கேட்டு, ஓடிப்போய் ஏமாந்தவர். எங்களையும் நம்பாமல் ஒளிந்துகொண்டார். தேடி வருபவர்களைக் கண்டே ஒளிபவர்கள் எங்கள் வேலையில் புதிதில்லை.

கையில் ஒரு ஷூ கயிறு. விடியும்போதெல்லாம் ஒரு முடிச்சு போட்டாராம். எண்ணினேன், நான்கு. அவர் காணாமல் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளை இன்றுவரை அவரால் மீட்க முடியவில்லை.

1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் இருந்தார். வெளியே வந்தது செப்டம்பர் 14. அவர் கணக்கில் ஆகஸ்ட் 20தான். அவராவது தானே விரும்பிப் போனவர். மேலே ஒரு குழு இருந்தது, பேசத் தொலைபேசி இருந்தது. இவருக்கு அந்தக் கயிறுதான்.

தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "கூட வந்த அண்ணன் எங்கே?"

"யாரும் வரலையே சார், நீங்க தனியாத்தான் இருந்தீங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். தெளிய வைக்கிறோம் என்ற நினைப்பு. அவர் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார். ஆறு நாள் அழாதவர், அப்போது அழுதார். அந்த அண்ணன்தான் ராத்திரியில் தூங்கவிடாமல் எழுப்பி நடக்க வைத்தாராம். காட்டில் அவரை உயிரோடு வைத்திருந்த துணையை ஒரே வார்த்தையில் பறித்துவிட்டேன்.

1916இல் தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை அண்டார்டிகா பயணி ஷாக்கில்டனும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேரும் நடந்தே கடந்தார்கள். கூட நாலாவதாக ஒருவர் வருவதுபோல மூன்று பேருக்குமே தோன்றியதாம். இதை நான் அப்புறம்தான் படித்தேன். முன்பே படித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

இப்போதெல்லாம் அப்படி யாராவது கேட்டால், "அவர் என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்பேன். போன மழைக்காலத்தில் கிடைத்த ஒரு பெண், கிளம்பும்போது கொஞ்சம் நிற்கச் சொன்னார். நின்றோம். யாருமில்லாத மரத்தடியைப் பார்த்து என்னவோ மெதுவாகச் சொன்னார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "சரி, போகலாம்" என்றார்.