இ471 எதிலிருந்து வந்தது?

உணவுத் தொழிற்சாலைகளுக்கு ஹலால் சான்றிதழ் தரும் இடத்தில் மூலப்பொருள் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. "பன்றி சேர்ந்திருக்கான்னு பார்ப்பீங்க, அவ்வளவுதானே?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பன்றி என்று எழுதியிருந்தால் வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆளை அலைய வைப்பது, உணவில் சேர்க்கும் பொருளைப் பெயருக்குப் பதிலாகக் குறிக்கும் இ471 போன்ற எண்கள்தான்.

எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் பொருள் அது. ரொட்டி, ஐஸ்கிரீம், மார்ஜரின் எல்லாவற்றிலும் உண்டு. பனை எண்ணெயில் செய்தாலும் மாட்டுக் கொழுப்பில் செய்தாலும் பன்றிக் கொழுப்பில் செய்தாலும் எண் ஒன்றே. மாடு என்றாலும் கேள்வி தீராது. முறைப்படி அறுத்த மாடா என்று பார்க்க வேண்டும். சோதனைக்கூடமும் பெரிதாகக் கைகொடுக்காது, இவ்வளவு சுத்திகரித்த கொழுப்பில் டிஎன்ஏ மிஞ்சுவது அரிது. மிச்சமிருப்பது காகிதம். "மூலம்: தாவரம் அல்லது விலங்கு" என்று ஒரு தாள் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்றவரிடம் கேட்டு, அவருக்கு விற்றவரிடமும் கேட்க வேண்டியதுதான்.

விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் வந்தால் விவாதம் ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள் பக்கம் போகும். ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறினால் அதற்கான மார்க்கச் சட்டமும் மாறும் என்பது இஸ்திஹாலா. மது தானாகவே வினிகரானால் ஹலால் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதைத் தாண்டி, மத்ஹப் எனப்படும் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஹனஃபி, மாலிகி அறிஞர்கள் விரிவாகப் போகிறார்கள், ஷாஃபிகள் கையை இறுக்கிக்கொள்கிறார்கள். 1995இல் குவைத்தில் நடந்த மருத்துவ ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) கருத்தரங்கு ஜெலட்டினை இந்த அடிப்படையில் அனுமதித்தது. எங்கள் குழுவில் இருக்கும் மார்க்க அறிஞர் ஹஜ்ரத் ஒருமுறை என்னிடம், "வேதியியல் படிச்சவங்க நீங்கதான் தம்பி, மாறுதா மாறலையா சொல்லுங்க" என்றார். வினிகரில் ஆல்கஹாலே அமிலமாகிவிடுகிறது. ஜெலட்டினில் கொலாஜன் என்ற புரதத்தின் சங்கிலி அவிழ்ந்து துண்டாகிறது, அமினோ அமிலங்கள் அப்படியேதான் இருக்கின்றன. என் கணக்கில் அது முழு மாற்றம் இல்லை. தீர்ப்பு சொல்வது அவர்கள் பொறுப்பு.

கொச்சினீல் சிவப்பு, இ120, இன்னொரு தினுசு. பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம். பூச்சி உண்பதை மாலிகிகள் அனுமதிக்க, ஷாஃபிகள் பொதுவாக மறுக்கிறார்கள். ஷாஃபிகள் நிறைந்த இந்தோனேசியாவில் 2011இல் மார்க்க அறிஞர்களின் அமைப்பான உலமா மன்றம் இந்தச் சாயத்தை ஹலால் என்றதும் உண்டு. அதனால், மத்ஹபைச் சொன்னால் விடை தானே வந்துவிடும் என்று நான் நம்புவதில்லை.

பொருளே சுத்தமாக இருந்து, செய்முறையில் சிக்கல் வருவதும் உண்டு. 2000ஆம் ஆண்டு முடிவில் அதே இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ அப்படி மாட்டிக்கொண்டது. அந்தச் சுவையூட்டியைச் செய்துதரும் பாக்டீரியாவைப் பாதுகாத்து வளர்க்கும் ஊட்டத்தைத் தயாரிக்கப் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருந்தது. விற்ற பொருளில் பன்றி இல்லை. இருந்தும் உலமா மன்றம் ஹராம் என்றது, கடைகளிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார்கள். அன்றைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் உண்ணலாம் என்று சொல்லியும் அந்த ஃபத்வா மாறவில்லை.

நொதி, சுவையூட்டி என்று எது வந்தாலும் அதைச் செய்யும் நுண்ணுயிரின் வளர்ப்பு ஊடகத்துக்குத் தனிப் படிவம் கேட்கிறோம். வியாபார ரகசியம் என்று சலித்துக்கொள்வார்கள். சரி, ரகசியம் உங்களிடமே இருக்கட்டும், சான்றிதழ் எங்களிடமே இருக்கட்டும் என்று பதில் அனுப்பினால், ரெண்டு நாளில் படிவம் வந்துவிடும்.